பதக்கம் வென்றவரா, மாவட்டம் தாண்டாத மாஸ்டரா: பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை யார் கற்றுத்தருவது?

நொய்யல்கரை, திருப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்து, மூடிக்கிடந்த ஒரு பனியன் கம்பெனியின் தையல் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, அதில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி நடத்தி வருகிறோம். தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பவர் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டர். தம் காலத்தில் மாவட்ட அளவுக்கு மேல் அவர் போனதில்லை. அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். இப்போது, தேசியப் போட்டிகளில் பதக்கம் வென்று அண்மையில் களத்திலிருந்து விலகிய ஒரு வீரர் எங்கள் ஊரில் குடியேறியிருக்கிறார். பயிற்சிப் பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்.

பெற்றோரில் பாதிப் பேர், இப்படி ஓர் ஆள் தாமாக வரும்போது விட்டுவிடக் கூடாது என்கிறார்கள். மீதிப் பேருக்கு மாஸ்டரை மாற்ற மனமில்லை. ஆனால் ஏன் மாற்றக் கூடாது என்று கேட்டால், அவர் நல்லவர் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்; அங்குதான் பயில்கிறாள். நல்லவர் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் என் மகளை விட முடியாது. பதக்கம் வென்றவர் என்பதற்காக மட்டும் விடவும் முடியாது. குத்துச்சண்டையில் தலைசிறந்து விளங்கியவர்கள் நல்ல பயிற்சியாளர்களாகவும் ஆனார்களா, ஆனவர்கள் எதனால் ஆனார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், அடுத்த கூட்டத்தில் அதை வைத்துப் பேசுவோம்.

பவானிக்கரை, ஈரோடு:

நொய்யல்கரை அண்ணா, இதில் தயங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய வீரருக்குச் சொல்லிக்கொடுக்க வராது என்ற பேச்சு எல்லா விளையாட்டிலும் உலவுகிறது. குத்துச்சண்டை வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஜோ லூயிஸை உருவாக்கிய ஜாக் பிளாக்பர்ன் யார்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைட்வெயிட் என்னும் எடை குறைந்த பிரிவில் ஜோ கான்ஸ், சாம் லாங்ஃபோர்டு போன்ற மாபெரும் வீரர்களோடு மோதியவர். பட்டத்துக்கான வாய்ப்பு கிடைக்காமல் போனவர். 1936-இல் மாக்ஸ் ஷ்மெலிங் லூயிஸை வீழ்த்தினார். லூயிஸ் ஜாப் (முன்னிருக்கும் கையால் அடிக்கும் நேர்க்குத்து) அடித்துவிட்டு இடக்கையைத் தாழ்வாகத் திரும்ப எடுப்பதைக் கவனித்து, அந்த இடைவெளியில் வலக்கையை இறக்கியே அவர் வென்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு பிளாக்பர்ன் லூயிஸை மீண்டும் செதுக்கினார். 1937-இல் லூயிஸ் ஹெவிவெயிட் என்னும் மிகக் கனமான பிரிவில் உலக சாம்பியன் ஆனார். 1938-இல் அதே ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே, 124 விநாடிகளில் முடித்தார். பெரிய பெரிய கைகளின் அடியைத் தன் உடலில் வாங்கிய ஒருவரால்தான் அந்தத் திருத்தத்தைச் செய்ய முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் நாட்டிலேயே ஹவா சிங் இருக்கிறார். 1966, 1970 ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். பிறகு அரியானாவின் பிவானியில் பயிற்சியாளராக அமர்ந்து, பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது பெறும் அளவுக்கு உயர்ந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் அந்த ஊரிலிருந்து வந்தவர்தான். ஒரு சாம்பியன் ஊருக்குத் திரும்பி வந்து கற்றுக்கொடுத்தால் ஊரே எப்படி மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்காவின் படி மெக்கர்ட் இன்னொருவர். இரண்டு எடைப் பிரிவுகளில் உலக சாம்பியனாக இருந்தவர். பயிற்சியாளராக அவர் தயார்செய்த அன்டோனியோ டார்வர்தான், யாராலும் தொட முடியாதவர் என்று பெயர் பெற்றிருந்த ராய் ஜோன்ஸை 2004 மே மாதம் இரண்டாவது ரவுண்டிலேயே சாய்த்தார்.

உங்கள் ஊருக்கு வந்திருக்கும் வீரர் இந்த வரிசையில் ஒருவராக வரமாட்டார் என்று எதை வைத்துச் சொல்வது? வாய்ப்புக் கொடுங்கள்.

பழைய மிட்ஸ், கோயம்புத்தூர்:

பவானிக்கரைத் தம்பி சொன்ன பெயர்கள் எல்லாம் சரியானவை. நானும் நெடுநாளாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருபவன் என்பதால், அந்தப் பெயர்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று.

முதலில் முகமது அலியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை நோக்கி வரும் குத்திலிருந்து தலையை நேர் பின்னால் இழுத்துத் தப்புவது எந்தப் பயிற்சிக் கூடத்திலும் முதல் மாதமே கண்டித்துத் திருத்தப்படும் பிழை. பின்னால் சாய்ந்தவனுக்கு அடுத்த குத்திலிருந்து தப்ப இடம் இருக்காது. அலி ஆண்டுக்கணக்கில் அதைச் செய்தார். கைகளை இடுப்பளவில் தொங்கவிட்டுக்கொண்டே செய்தார். அவருடைய கண்ணும் காலும் அப்படிப்பட்டவை. ராய் ஜோன்ஸும் அப்படித்தான். வேகம் இருந்தவரை அவருக்குக் கார்டு (முகத்தைக் காக்கக் கைகளை உயர்த்தி வைப்பது) தேவைப்படவில்லை. இவர்கள் செய்ததை அப்படியே ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை அடி வாங்கும். இவர்களைப் பெரியவர்களாக்கியதில் ஒரு பெரும்பகுதி, அடுத்தவர் கையில் எடுத்துக் கொடுக்க முடியாத பொருள்.

அலிக்குப் பயிற்சியாளராக இருந்த ஏஞ்சலோ டன்டி, சொல்லிக்கொள்ளும்படியான வீரர் அல்லர். அலியின் பாணியை மாற்றப் பார்க்கவில்லை என்பதே அவர் செய்த முதல் நல்ல காரியம். அலி பயிற்சியில் செய்யாத ஒரு குத்தைச் செய்ததாகச் சொல்லி அவரைப் பாராட்டுவார். அடுத்த முறை அலி அதை உண்மையாகவே செய்துவிடுவார். எதிரில் நிற்கும் ஆளின் குணத்தைப் படித்து, அதற்கேற்ற வாசல் வழியாக உள்ளே போவது ஒரு தனித் திறமை. ரிங்குக்குள் எதிராளியைப் படிப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே படிப்பது அவனை உடைப்பதற்காக. இங்கே படிப்பது கட்டி எழுப்புவதற்காக.

ராக்கி மார்சியானோவின் பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன் பாண்டம்வெயிட் என்னும் மிகவும் எடை குறைந்த பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகள் கண்ட குள்ளமான மனிதர். அவரிடம் வந்த மார்சியானோவோ ஹெவிவெயிட். அந்தப் பிரிவுக்கு உயரம் குறைவு, கை நீளமும் குறைவு, கால்களை அகட்டி வைத்துத் தடுமாறுவார். கோல்ட்மன் அவரைத் தம்மைப் போன்ற ஆட்டக்காரராக மாற்ற முயலவில்லை. கால்களைக் கயிற்றால் இணைத்துக் கட்டி நிற்கும் அகலத்தைப் பழக்கினார். குள்ளத்தைக் குறையாகக் கொள்ளாமல் இன்னும் குனிய வைத்தார். தோல்வியே காணாமல் 49 வெற்றிகளோடு மார்சியானோ விலகினார்.

பார்வை என்று நான் சொல்வது எதை என்று ஒரு சிறு நிகழ்வால் விளக்குகிறேன். என் கூடத்தில் ஒரு பெண், ஜாப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வலக்கையைத் தாடையிலிருந்து இறக்கிவிடுவாள். எங்களுக்கு உதவ வந்த ஒரு நல்ல வீரர், “கையைத் தூக்கு, கையைத் தூக்கு” என்று ஒரு மாலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நான்கு குத்துக்குத் தூக்குவாள், ஐந்தாவதில் மறப்பாள். நான் அவளுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்று பார்த்தேன். பின்னங்காலின் குதிகால் தரையில் அழுந்தப் பதிந்திருந்தது. அதனால் ஜாப் போகும்போது உடல் முன்னே சாய, விழாமல் இருப்பதற்காக வலக்கை தானாக இறங்கிக்கொண்டிருந்தது. “கண்ணு, கையை மறந்திரு, பின்னங்குதிகாலை மட்டும் தூக்கி வெச்சுக்கோ” என்றேன். குதிகாலுக்கடியில் மடித்த துணி ஒன்றை வைத்து, அது நசுங்காமல் ஜாப் அடிக்கச் சொன்னேன். அந்த வாரத்திலேயே கை தன் இடத்தில் நின்றது. உதவ வந்தவருக்கு இந்தக் கோளாறு ஒருநாளும் இருந்திருக்காது. சிறுவயதிலேயே அவர் உடல் அதைத் தானாகச் சரிசெய்துகொண்டிருக்கும். அதனால்தான் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பீளமேட்டுப் பக்கத்து லேத் பட்டறைகளில் இதைத் தினமும் பார்க்கலாம்: டூல் உரசும் சத்தத்தைக் கேட்டே அளவு சொல்லும் டர்னர் எல்லோரும் புதிதாக வரும் பையனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்துவிடுவதில்லை.

ஆகவே, பெரிய வீரரால் முடியாது என்று நான் சொல்லமாட்டேன். தாம் யோசிக்காமல் செய்த ஒன்றை யோசித்துப் பிரித்துப் பார்க்கும் வேலையை அவர் செய்திருக்கிறாரா என்றுதான் கேட்பேன். பிளாக்பர்ன் லைட்வெயிட் உடலோடு தம்மைவிடக் கனமானவர்களை எதிர்த்து நின்றவர். உடல் கொடுக்காததை அறிவால் ஈடுகட்ட வேண்டியிருந்தது. மெக்கர்ட் தோள் காயத்தோடு மோதிப் பட்டத்தை இழந்தவர். இவர்கள் இருவருக்கும் திறமை மட்டும் போதாமல் போன காலம் ஒன்று இருந்தது.

சேர்வராயன், ஆத்தூர்:

சுருக்கமாக ஒன்று. ஹெவிவெயிட் சாம்பியன்களான ஃபிளாய்ட் பேட்டர்சன், மைக் டைசன் இருவரையும் உருவாக்கிய கஸ் டமாடோ தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கியதே இல்லை. 46 சண்டைகளிலும் தோற்காமல் விலகிய வேல்ஸ் நாட்டு ஜோ கால்சாகியின் பயிற்சியாளர் அவருடைய தந்தை என்ஸோ. அவர் ஓர் இசைக்கலைஞர். டெட்ராய்ட்டின் இமானுவேல் ஸ்டூவர்ட் அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனவர். 1994-இல் அவர் தயார்செய்த ஆலிவர் மெக்கால் லெனாக்ஸ் லூயிஸை வீழ்த்த, லூயிஸ் அடுத்து அந்த ஸ்டூவர்ட்டையே தமக்குப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டார். பதக்கம் தேவை என்போர் இந்த மூவரையும் எங்கே வைப்பார்கள்?

ஆனைமலைத் தென்றல், பொள்ளாச்சி:

இங்கே எல்லோரும் கற்றுக்கொடுப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நிறுத்துவதைப் பற்றி நான் எழுத வேண்டும். பயிற்சியாளர் தீர்மானிக்கும் காரியங்களில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது.

கல்லூரிக் காலத்தில் நான் மாநிலப் போட்டிகள் வரை ஆடியவள். எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் பெரும் பெயர் பெற்ற வீரர். அவர் ஷேடோ பாக்சிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்தால் நாங்கள் ஸ்கிப்பிங் கயிற்றை நிறுத்திவிட்டு நின்று பார்ப்போம். வாரத்தில் பல நாள்கள் முழு வேகத்தில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வைப்பார். ஒருநாள் தலையில் வாங்கிய அடிக்குப் பிறகு எனக்கு விடாமல் தலைவலி. படித்தது கண்ணில் நிற்கவில்லை. சொன்னபோது, தாம் மூக்கு உடைந்த நிலையில் இறுதிப் போட்டி ஆடிய கதையைச் சொல்லி என்னை மறுநாள் வரச் சொன்னார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தமக்குப் பலன் தந்ததையே எங்களுக்கும் தந்தார். வலியைப் பொருட்படுத்தாமல் நின்றதால்தான் அவர் அந்த இடத்துக்குப் போனார். அதுவே எல்லோருக்கும் வழி என்று நம்பினார். நான் அதற்குப் பிறகு தலைவலியைச் சொல்வதையே விட்டுவிட்டேன். அதுதான் மிகவும் ஆபத்தான பகுதி.

1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய மூன்றாவது சண்டையை நினைத்துப் பாருங்கள். 14 ரவுண்டுகள் முடிந்திருந்தன. ஒன்றே ஒன்று மீதம். ஃபிரேசியரின் கண் வீங்கி மூடிக்கொண்டது; வரும் குத்து தெரியவில்லை. எழுந்து போகத் துடித்த அவரை உட்காரவைத்து, சண்டையை முடித்தவர் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச். ஃபட்ச் இளமையில் நன்றாக ஆடியவர்தான். இதயக் கோளாறு தெரியவந்ததால் தொழில்முறைக்குப் போக முடியாமல் நின்றவர். ஃபிரேசியரின் கோபத்தை அவர் ஏற்றுக்கொண்டார். உலகப் பட்டத்தை ஒரு ரவுண்டு தூரத்தில் விட்டுக்கொடுக்க ஒரு பெரிய சாம்பியனின் மனம் இடம் தருமா? அவரைச் சாம்பியன் ஆக்கியதே இடம் தராத அந்த மனம்தானே!

அமெச்சூர் விதிகளில், தலையில் விழுந்த அடியால் சண்டை நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள்கள் போட்டியும் ஸ்பாரிங்கும் கூடாது. வீட்டுக்கு அருகிலுள்ள கூடத்தில் நடக்கும் ஸ்பாரிங்கை எந்த நடுவரும் பதிவு செய்வதில்லை. அங்கே விதி என்பது பயிற்சியாளரின் மனச்சாட்சி மட்டும்தான். நொய்யல்கரை அண்ணா, பதக்கம், பட்டம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடைசியாக எந்தப் பிள்ளையின் ஸ்பாரிங்கைப் பாதியில் நிறுத்தினீர்கள், ஏன்?

பவானிக்கரை, ஈரோடு:

தென்றல் அக்கா, நீங்கள் பட்டதைப் படித்து மிகவும் வருந்தினேன். நீங்கள் சொன்ன கேள்வி சரியான கேள்வி என்பதையும் ஏற்கிறேன். சாம்பியனின் மனம் இடம் தராது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

மெக்கர்ட்டைப் பற்றி முன்பு எழுதினேன். 2005 ஜூனில் ஆர்டுரோ காட்டி, ஃபிளாய்ட் மேவெதரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது ஆறாவது ரவுண்டோடு போதும் என்று நிறுத்தியவர் அவர்தான். காட்டி எப்படிப்பட்ட வீரர் என்பது உங்களுக்குத் தெரியும். விழுந்தாலும் எழுந்து வந்து வெல்வார் என்பதற்காகவே மக்கள் அவரைப் பார்க்கக் கூடினார்கள். அப்படிப்பட்டவரை உட்கார வைப்பது எளிதல்ல. 2019 ஜூலையில் ரஷ்ய வீரர் மாக்சிம் தாதாஷெவ், 11-ஆவது ரவுண்டு முடிந்து வந்து உட்கார்ந்தார். நிறுத்திக்கொள்ளலாம் என்று மெக்கர்ட் அவரிடம் கெஞ்சினார். தாதாஷெவ் தலையை அசைத்து மறுத்தார். மெக்கர்ட் அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் நடுவரிடம் சொல்லிச் சண்டையை முடித்தார். அப்படியும் தாதாஷெவ் சில நாள்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஒருவர் அங்கே வெற்றிக்காக அல்ல, ஓர் உயிருக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ரிங்குக்குள் தாமே நின்றவர் என்பதால்தான், எழுந்து போகிறேன் என்று சொல்லும் வீரனின் சொல்லை நம்பக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் எண்ணுகிறேன்.

பழைய மிட்ஸ், கோயம்புத்தூர்:

தம்பி சொன்ன மெக்கர்ட்டுக்கு நான் தலைவணங்குகிறேன். தென்றல் அம்மணி சொன்னதிலும் ஒரு சொல்லைக்கூட நான் விலக்கமாட்டேன். மெக்கர்ட் போன்றவர்கள் உண்டு. அம்மணியின் பயிற்சியாளர் போன்றவர்களும் உண்டு. எது எவரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

இரண்டு பெரிய சாம்பியன்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். இருவரும் தம் பிள்ளைகளையே பயிற்றுவித்தவர்கள். ஜோ ஃபிரேசியரின் மகன் மார்விஸ், அமெச்சூரில் நன்றாக வந்தவர். பத்துச் சண்டை அனுபவத்தோடு 1983-இல் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு எதிரே நிறுத்தப்பட்டு முதல் ரவுண்டிலேயே வீழ்ந்தார். 1986-இல் டைசன் அவரை 30 விநாடிகளில் முடித்தார். தந்தை தம் பாணியையும் தம் துணிவையும் மகனுக்குள் தேடினார் என்ற விமர்சனம் அப்போதிருந்தே உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஃபிளாய்ட் பேட்டர்சனோ தாம் தத்தெடுத்து வளர்த்த டிரேசியை பொறுமையாக நகர்த்தி, 1992-இல் உலகப் பட்டத்துக்குக் கொண்டுவந்தார். டிரேசி ஹெவிவெயிட் உடல்வாகு இல்லாத சிறிய ஆள்; பேட்டர்சனால் அவரிடம் தம்மையே பார்த்துக்கொள்ள முடியாது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பேட்டர்சன் சிறுவயதிலிருந்தே டமாடோ போன்ற ஓர் ஆசிரியரின் கையில் வளர்ந்தவர். கற்பிக்கும் முறை ஒன்று இருக்கிறது என்பதைத் தம் உடலாலேயே உணர்ந்தவர். ஃபிரேசியருக்கு ஃபட்ச் இருந்தாரே என்று நீங்கள் கேட்கலாம். மணிலாவில் ஃபட்ச் செய்தது சரி என்று ஃபிரேசியரின் மனம் கடைசிவரை முழுமையாக ஒப்புக்கொண்டதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஃபிரெடி ரோச் ஒரு சுமாரான தொழில்முறை வீரர். அவரையும் ஃபட்ச்தான் பயிற்றுவித்தார். போதும், நிறுத்திக்கொள் என்று சொன்னார். ரோச் கேட்கவில்லை, மேலும் சில சண்டைகள் ஆடிப் பெரும்பாலும் தோற்றார். பின்னாளில் பார்க்கின்சன் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓய்வுக்குப் பிறகு அதே ஃபட்ச்சிடம் உதவியாளராகப் போய்ச் சேர்ந்து, பேடு (வீரரின் குத்துகளை வாங்கும் கைத்திண்டு) பிடிப்பதிலிருந்து தொழிலைப் புதிதாகக் கற்றார். பிலிப்பைன்ஸின் உலக சாம்பியன் மேனி பாக்கியாவோவை உருவாக்கிய ரோச் அங்கேதான் பிறந்தார். வீரர் என்ற தகுதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, இன்னொருவருக்குக் கீழே மறுபடியும் மாணவராக இருந்த காலம் ஒன்று அவருக்கு இருந்தது. என் அனுபவத்தில், நல்ல பயிற்சியாளர் ஆன வீரர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒரு வடிவில் அந்தக் காலம் இருக்கிறது. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் நடத்தும் பயிற்சியாளர் டிப்ளமோவைச் சிலர் வெறும் சான்றிதழ் என்று எண்ணுகிறார்கள். உடலியக்கம், காயம், வளரும் பிள்ளையின் எலும்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு சாம்பியன் முதன்முறையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் இடம் அது.

நொய்யல்கரை, உங்களுக்கு நான் சொல்லும் யோசனை இது. அந்த வீரரை ஒரு வாரம் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பின்தங்கிய பிள்ளை யாரோ, அந்தப் பிள்ளைக்குப் பேடு பிடிக்கச் சொல்லுங்கள். சிறந்த பிள்ளைக்குப் பேடு பிடிப்பது யாருக்கும் எளிது. சத்தம் நன்றாக வரும், பார்ப்பவர்களும் மகிழ்வார்கள். தடுமாறும் பிள்ளையின் முன்னால் அவர் எவ்வளவு நேரம் பேசாமல் பார்க்கிறார், ஒரே நேரத்தில் எத்தனை குறைகளைச் சொல்கிறார், காலைப் பார்க்கிறாரா கையை மட்டும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ரவுண்டுகளுக்கு இடையே கிடைப்பது ஒரு நிமிடம். மூச்சு அடங்கவும் தண்ணீர் கொப்பளிக்கவும் பாதி போய்விடும். மீதியில் பிள்ளையின் காதில் ஏறுவது ஒரே ஒரு சொல். 1981-இல் ஹெர்ன்ஸுக்கு எதிராகப் பின்தங்கியிருந்த ஷுகர் ரே லியோனார்டிடம் 12-ஆவது ரவுண்டுக்குப் பிறகு, அவருக்கும் பயிற்சியாளராக இருந்த டன்டி சொன்னதெல்லாம், கையிலிருப்பதை நழுவவிடுகிறாய் மகனே என்பதுதான். லியோனார்டு 14-ஆவது ரவுண்டில் சண்டையை முடித்தார். நுட்பம் எதையும் டன்டி அப்போது விளக்கவில்லை.

நொய்யல்கரை, திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றி. பழைய மிட்ஸ் ஐயா சொன்னபடியே செய்து பார்த்தோம்.

முதல் நாள் வீரர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தமக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ஐந்து குத்து கோர்வையைச் செய்து காட்டினார். பார்க்க அத்தனை அழகாக இருந்தது. பிள்ளைகளுக்கு மூன்றாவது குத்திலேயே கால் பின்னிக்கொண்டது. அவர் மீண்டும் செய்து காட்டினார், இன்னும் வேகமாக. மாஸ்டர் சுவரோரம் நின்று எதுவும் பேசவில்லை. பேடு பிடிக்கும்போது, எங்கள் குழுவிலேயே கூச்சம் மிகுந்த ஒரு பையனிடம் ஒரே மூச்சில் ஆறு ஏழு திருத்தங்களைச் சொன்னார். பையன் கையை இறக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டான். அன்று மாலை பெற்றோர் பலர் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் அவர் மறுநாள் முன்னதாகவே வந்து, அந்தப் பையனை எப்படிப் பேச வைப்பது என்று மாஸ்டரிடம் கேட்டார். இது நான் எதிர்பார்க்காதது. மாஸ்டர் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் வைத்து நடக்கும் பழக்கத்திலிருந்து தாம் தொடங்குவதைக் காட்டினார். வீரர் பிள்ளைகளோடு சேர்ந்து தாமும் அந்தக் கோட்டில் நடந்தார். வாரத்தின் இறுதியில் கூச்சப் பையனிடம் ஒரு திருத்தம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

கூட்டத்தில் எடுத்த முடிவு: தொடக்கப் பயிற்சியும் முழுப் பொறுப்பும் மாஸ்டரிடமே இருக்கும், போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் ஸ்பாரிங்கையும் உத்தியையும் வீரர் பார்த்துக்கொள்வார், எந்தச் சண்டையையும் நிறுத்தும் அதிகாரம் மாஸ்டரிடம் இருக்கும். ஒரு குடும்பம் இது பிடிக்காமல் பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. இவ்வளவு பெரிய வீரரை உதவியாளர் ஆக்குவது அவமதிப்பு என்பது அவர்கள் எண்ணம். வீரர் அப்படி நினைக்கவில்லை. பாட்டியாலா படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும் சொல்கிறார்.

தென்றல் சகோதரி கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன். தாம் இதுவரை யாருடைய ஸ்பாரிங்கையும் நிறுத்தியதில்லை என்று நேராகவே சொன்னார். நிறுத்தும் அதிகாரம் மாஸ்டரிடம் இருப்பதை ஏற்பதாகவும், ஆனால் எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவார் என்பதை முன்கூட்டியே தமக்குச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார்கள்: குத்திய கை முகத்துக்குத் திரும்பாமல் தொங்கினால், கால் ஒன்றன்மேல் ஒன்று இடறினால், கார்னரில் (ரவுண்டுகளுக்கு இடையே உட்காரும் மூலையில்) எத்தனையாவது ரவுண்டு என்று கேட்டதற்குத் தவறாகப் பதில் சொன்னால், எதிரில் இருப்பவர் அடிக்காதபோதும் கண் சிமிட்டி முகத்தைத் திருப்பினால். விடுபட்டது ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். நகல் எடுத்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுக்கப் போகிறோம்.

ஆனைமலைத் தென்றல், பொள்ளாச்சி:

இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. இவை கூடத்தில் தெரியாது, வீட்டில்தான் தெரியும்: அன்றிரவு வாந்தி வந்தாலும், மறுநாள் வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் பிள்ளை இருட்டறையில் படுத்துக்கொண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், மாஸ்டருக்கும் தெரிவிக்க வேண்டும். எடைக்காகத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் பேச்சு யாரிடமிருந்து வந்தாலும், அதையும் அந்தத் தாளில் தடை செய்து எழுதிவிடுங்கள்.

நொய்யல்கரை, திருப்பூர்:

சேர்த்துவிட்டேன். தாளின் அடியில் மாஸ்டர், வீரர் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.